இன்னும் ஒன்பது சுற்று

1911. ஓஹையோவில் பொருட்காட்சித் திடலின் மண்பாதையோரம் பந்தயக் கார் நிற்கிறது. கல் தெறித்ததில் ஓட்டுநர் ரூஃபஸின் காப்புக் கண்ணாடி நொறுங்கியிருக்கிறது. இடக்கண்ணிலிருந்து வழியும் ரத்தம் மீசைப் புழுதியில் சேறாகிறது. காரில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் மெக்கானிக் ஆர்லோ ஈரத்துணியால் ஒற்றுகிறான், கண் திறக்கவில்லை. ரூஃபஸ் அவசரப்படுத்துகிறான்: "இன்னும் ஒம்போது சுத்துதான்டா. நாமதான் முன்னால. கைப்பிடியப் போட்டு எஞ்சினச் சுத்து." "ஒத்தக் கண்ணோடவாண்ணே?" "இன்னொண்ணுக்குத்தான் நீ இருக்கியே!" ஆர்லோ சிரிக்கவில்லை. எஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்து, வேலிக்கு அப்பால் சோளக்காட்டுக்குள் வீசியெறிகிறான். "பாவி! கெடுத்தியேடா!" "திட்டுண்ணே. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே வா." மற்ற கார்கள் முந்திப்போய் இடப்பக்க வளைவில் உறுமுகின்றன. ரூஃபஸ் இறங்கவில்லை. ஒவ்வொரு உறுமலுக்கும் அவன் கைகள், நின்றுபோன காரின் ஸ்டீயரிங்கை இடப்பக்கமாக மெல்லத் திருப்புகின்றன.