ஒரு நரம்பு குறைஞ்ச இலை

"திருட்டு! இது பட்டப்பகல் திருட்டு!"

சாரதாம்பாள் போட்ட சத்தத்துல, மலாக்காவுல காஜா பெராங் மாதர் சங்கக் கூடத்துல தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருந்த பொம்பளைங்க கை அப்படியே நின்னுடுச்சு.

சங்கத்துச் செயலாளர் சந்திரமதி எழுந்து முன்னால வந்தா. அவதான் இன்னிக்குப் போட்டிக்கு நடுவர்!

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்து நாலு வருஷம் ஆன கொண்டாட்டத்துக்கு ஒட்டுத்துணிப் போர்வைப் போட்டி. ஜெயிச்சா கிண்ணம் கிடையாது. வேலை! சங்கத்துல புதுசா தொடங்கப்போற தையல் வகுப்புக்கு டீச்சர் வேலை. மாசச் சம்பளம், உக்கார நாற்காலி, "டீச்சரம்மா"ன்னு மரியாதை, எல்லாம் உண்டு.

பதினோரு போர்வையில ரெண்டுதான் தேறிச்சு. ஒண்ணு ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியார் வீட்டம்மா சாரதாம்பாளோடது. இன்னொண்ணு அவங்க வீட்டுல துணி துவைக்கிற அஞ்சலையோடது. கிழிஞ்ச சரோங் கைலியும் பழைய புடவையும் வெட்டி ஒட்டினது. ஆனா ஒட்டுப்போட்ட இடமெல்லாம் இலை இலையா ஓடுது பாருங்க ஒரு தையல், ரெண்டு போர்வைலயும் அச்சுல வார்த்த மாதிரி!

"அதான் கேக்குறேன்"னாங்க சாரதாம்பாள். "இந்த இலை என் மெஷின் போடுற இலை. குமிழத் திருகினா இலை, இன்னும் கொஞ்சம் திருகினா வாத்து, சிப்பி! மலாக்காவுலயே அப்படி ஒண்ணு என் வீட்டுல மட்டும்தான் இருக்கு. சோத்துப் பானைக்கு மூடி இல்லாதவளுக்கு ஏது மெஷினு? நான் உஜோங் பாசிருக்கு அக்கா வீட்டுக்குப் போற நேரம் பாத்து ஓட்டியிருக்கா!"

"அப்படிப் பேசாதீங்கக்கா. சாட்சி வேணுமில்ல?"ன்னா சந்திரமதி.

"சாட்சியா? இந்தா, எண்ணிக்க. இலைக்கு இந்தப் பக்கம் நாலு நரம்பு. அந்தப் பக்கம் மூணு. என் மெஷின் ஒரு தடவ கீழ விழுந்து உள்ள ஒரு பல்லு உடைஞ்சுபோச்சு. அன்னிலேருந்து இலைக்கு ஒரு நரம்பு கொறையுது. என் போர்வையிலயும் மூணு, அவளோடதுலயும் மூணு. போதுமா?"

போதும்தான். கூடத்துல குசுகுசுன்னு பேச்சு கிளம்பிச்சு. "உப்பிட்ட வீட்டுலயே..."ன்னு யாரோ இழுத்தாங்க.

அஞ்சலை மூலையில நின்னா. முந்தானைய வெரல்ல சுத்திக்கிட்டே இருந்தா.

"அஞ்சலை, அம்மாவோட மெஷினத் தொட்டியா?"ன்னு சந்திரமதி கேட்டா.

"என் போர்வைக்குத் தொடலீங்க."

அவ்வளவுதான் சொன்னா.

சந்திரமதிக்குத் தையல்னா உயிரு. விடுவாளா? அஞ்சலையோட போர்வையப் பொரட்டிப் போட்டா. மெஷின் தையல்னா மேல ஒரு நூலு, அடியில ஒரு நூலு. மேல உள்ளத அறுத்து இழுத்தா உருவிக்கிட்டு வந்துடும்.

ஒரு இலைய அறுத்து இழுத்தா. வரல! ஒரே நூலுதான் மேலயும் கீழயும் ஏறி எறங்கியிருந்துச்சு. இன்னொரு இலை. அதுவும் வரல. ஆயிரம் இலை இருக்கும், அத்தனையும் ஊசி பிடிச்சுக் கையால போட்டது!

"கைத்தையல்!"னு சந்திரமதி கத்தியே போட்டா. "பாருங்கக்கா! மெஷின் ஊசி இதுல ஒரு எடத்துலகூடப் படல!"

"அப்ப அந்த நரம்பு?"ன்னாங்க சாரதாம்பாள்.

அஞ்சலை தரையப் பாத்துக்கிட்டே சொன்னா. "அம்மா வீட்டு மெஷினு அப்படித்தாங்க போடும். அதான் சரியான இலை போலன்னு நானும் ஒரு நரம்ப விட்டுட்டே தச்சேன்."

கூடமே சிரிச்சுது. கை தட்டினாங்க. சாரதாம்பாள் முகம் சுருங்கிப்போச்சு. சந்திரமதிக்குச் சந்தோஷம் தாங்கல. ஏழைக்கு ஒரு நியாயம் செஞ்சாச்சு! சீட்டுல அஞ்சலை பேர எழுத பேனாவத் தொறந்தா.

"கொஞ்சம் இரும்மா"ன்னாங்க சங்கத் தலைவி பொன்னம்மா. "வகுப்பு எதுக்கு? மெஷின் தையலுக்கு. பூத்தையல் மெஷினுக்குன்னே புக்கிட் பாருவுலேருந்து எட்டுப் பொண்ணுங்க பேரு குடுத்திருக்காங்க. இவ மெஷினத் தொடவே இல்லன்னு நீதானே இப்ப நிரூபிச்ச?"

சந்திரமதி அஞ்சலை பக்கம் திரும்பினா.

"அஞ்சலை, ஒனக்கு மெஷின் ஓட்டத் தெரியும்தானே? தெரியும்னு சொல்லேன்!"

அஞ்சலை நிமிந்து சாரதாம்பாளப் பாத்தா. சாரதாம்பாள் லேசா இருமினாங்க.

"தெரியாதுங்க."

வேலை சாரதாம்பாளுக்குப் போச்சு. அஞ்சலைக்கு ஆறுதல் பரிசா ஒரு சோப்புப் பெட்டி.

சந்திரமதிக்கு மனசு கேக்கல. நாலு நல்ல வார்த்தையாவது சொல்லலாம்னு வாசலுக்கு ஓடினா. சாரதாம்பாள் பெச்சா ரிக்ஷாவுல ஏறி உக்காந்தாச்சு. ரெண்டு போர்வையையும் சுமந்துக்கிட்டு அஞ்சலை கீழ நின்னா. ரெண்டு பேருமே இவளக் கவனிக்கல.

"மூஞ்சிய ஏண்டி தூக்கி வச்சிருக்க? ஒன்ன என்ன வீட்டவிட்டா தொரத்திட்டேன்?" சாரதாம்பாள் குரலத் தாழ்த்தினாங்க. "திங்கக்கெழம வெள்ளனே வந்துடு, வகுப்புக்கு நீயும் கூட வரணும். என் போர்வையத் தச்சுக் குடுத்தியே, அதே மாதிரி பக்கத்துல நின்னு பாத்துக்க. அந்த மெஷினுக்கு நூலு எந்தப் பக்கம் கோக்குறதுன்னுகூட எனக்குத் தெரியாதே!"