கதவுக்கல்லின் முதுகு

பூமிக்கடியில் குகை குடைந்து வைத்திருந்த பழைய ஊர் ஒன்றைத் தோண்டியபோது, வாசலை அடைத்திருந்த வட்டக் கதவுக்கல்லைத்தான் முதலில் வெளியே உருட்டினார்கள். கல்லுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆயிரம் வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தது.

வாசலுக்குப் பின்னாலேயே குவிந்து கிடந்த எலும்புகளுக்கு நடுவிலிருந்து ஓர் அகல்விளக்கை எடுத்துக் கல்லின் பக்கத்தில் வைத்தார்கள்.

"எதிரி வர்றான்னு ஊரே உள்ளே ஓடிச்சு. யார் தள்ளினாலும் அசையாதேன்னு என்கிட்ட சொன்னாங்க," என்றது கல். "பத்து நாள் முட்டிப் பார்த்தான். ஒருத்தனையும் நான் விடலை."

"பதினோராம் நாள் அவன் போயிட்டானே," என்றது விளக்கு.

"போனான். அப்புறம் முதுகுப் பக்கமா யாரோ தள்ளினாங்க. சொன்ன சொல்லை மீறுவேனா? கொஞ்ச நாள் முதுகு அரிச்சுது. பிறகு அதுவும் நின்னுபோச்சு."

தோண்ட வந்தவர்களில் மூத்தவர் கல்லின் பின்பக்கம் குனிந்து மண்ணைத் தூரிகையால் தட்டினார். "உள்பக்கம் முழுக்கக் கோடு கோடா கீறியிருக்காங்க. அலங்காரம் போலிருக்கு," என்றார்.

கல்லுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"நன்றி மறக்காத ஜனங்க. என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? நீ உள்ளேதானே இருந்தே. இதைச் செஞ்சது யாரு?"



"எல்லாரும்தான்," என்றது விளக்கு. "கீழே இருக்கிற சின்னக் கோடெல்லாம் குழந்தைங்களோடது."