வளைவுக்குக் காரணம்

எறும்பு வரிசை சுவரின் நடுவில் மட்டும் ஏன் வளைந்து போகிறது என்று பல்லி ஒன்று அங்கேயே உட்கார்ந்து காலமெல்லாம் ஆராய்ந்தது. "எல்லாம் தலைமையின் தொலைநோக்கு" என்று சொல்லி "ச்ச்" கொட்டியது. பல்லி சொன்னால் உண்மைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நிர்வாகவியல் பேராசிரியர் பதவியும் கிடைத்தது.

பணிநிறைவு விழா விட்டத்தில் நடந்தது. கழுத்தில் மாலையோடு பல்லி கீழே பார்த்தது. வரிசை நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"வளைவு எங்கேம்மா?" என்று ஓர் எறும்பைக் கேட்டது.

"நீங்கதான் இப்ப அங்க இல்லையே, சார். உங்களுக்குப் பயந்துதானே இத்தனை நாளும் சுத்திப் போனோம்!"

பல்லி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது. வரிசை வளைந்தது.

"ச்ச், ச்ச்" என்றது பல்லி.