முக்காடு போட்ட கம்ப்யூட்டர்

திருமுடிவாக்கம் பட்டறையின் ஆபீஸ் அறையில், குண்டு மானிட்டரின் தூசியில் மதிய வெயில் படிந்திருக்கிறது. தடுப்பில்லாத பிரஸ் மெஷின் சின்னதம்பியின் இரண்டு விரல்களை நறுக்கியதை, ஆளை மறைக்கும் டோர் வலைக்குள் நுழைந்து, அதன்மேல் வி.பி.என். ஓட்டி, பெயரில்லாமல் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதியவள், அந்த மானிட்டர் முன் உட்கார்ந்திருக்கும் கிளார்க் ஜெயப்ரியா. இன்ஸ்பெக்டரே கொடுத்துவிட்ட அந்த மெயிலின் நகல் முதலாளி கையில் படபடக்கிறது. "யாரு அனுப்புனதுன்னு தெரியாது சார்," என்கிறான் நெட்வொர்க் பார்க்க வந்த ஜைத். "ஆனா அன்னிக்கு முக்காடு போட்டுக்கினு வெளிய போனது இந்த ஒரு சிஸ்டம்தான்." முதலாளி சிரிக்கிறார். குனிந்து, கீபோர்டில் இருக்கும் அவள் விரல்களைப் பார்க்கிறார். சுவருக்கு அப்பால் பிரஸ் இடித்துக்கொண்டே இருக்கிறது. "பத்தும் நல்லாத்தாம்மா கீது. நாளைலேர்ந்து அந்த மெஷின்ல நில்லு."