ஆறு மணி போன்

திண்டுக்கல் சாஃப்ட்வேர் அலுவலகத்தில், மணி ஆறானதும் டீம் லீடர் ஆனந்த்ராஜின் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பு, இன்னும் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கியா? எந்திரிச்சு வீட்டுக்குப் போ. கூட இருக்க பிள்ளைகளையும் அனுப்பு."

"இந்தா கிளம்பிட்டேம்மா." லேப்டாப்பை மூடினார்.

புதிதாகச் சேர்ந்த தமிழ்மதி சிரித்தாள். "நாளைக்கு ரிலீஸ் சார். கிளையன்ட் கத்துனாலும் அசையாதவரு, அம்மா சொன்னா மட்டும் எந்திரிச்சிர்றீங்க."

"எங்க அம்மா இல்ல, மதி. உனக்கு முன்னாடி இங்க வேலை பாத்த சிவபிரகாஷோட அம்மா. தூக்கமே வரல, நெஞ்சு படபடன்னு இருக்கு, ரெண்டு நாள் லீவு வேணும்னு கேட்டான். ரிலீஸ் முடியட்டும்னு சொன்னது நான்தான். அது அவங்களுக்கும் தெரியும்."

தமிழ்மதியின் சிரிப்பு நின்றது.

"அவன் காரியம் முடிஞ்ச மறுநாள்லருந்து தினம் கூப்பிடுறாங்க. ஒரு நாளும் என்னையத் திட்டுனதில்ல."