தெரசாள் கேட்ட ஊசி

பந்தல்குடி சாலையில் டீக்கடை வைத்திருந்த தெரசாள், யார் யாரோ கொண்டுவந்து விட்டுப்போன ஏழு நாய்களுக்குச் சோறு போட்டு வந்தாள். வெறிநாய் என்று சொல்லி யாரும் அவற்றை அடித்துவிடக் கூடாதே என்று, ஊசி போடச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீஸில் ஒன்றரை வருடத்தில் நான்கு மனு கொடுத்துவிட்டாள். "அடுத்த மாசம் பாப்போம்மா" என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில்.

அன்று காலையில் கடை முன்னால் ஒரு ஜீப் நின்றது. ஆபீஸிலிருந்து வந்த சுந்தரபாண்டி அவளுடைய மனுவைக் காட்டினார்.

"ஊசி போட வந்திருக்கோம். நாய்களக் கூப்பிடுங்க."

"இப்பவாச்சும் வந்தீகளே சார்!"

அவள் பன்னைப் பிய்த்துப் போட்டதும் ஏழும் ஓடி வந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கயிற்றில் கட்டினாள்.

"இந்த ஊசி எத்தன வருசத்துக்குத் தாங்கும் சார்?"

"வருசமா? ரெண்டே நிமிசந்தாம்மா. துடிக்காம அடங்கிரும்."

தெரசாள் நாய்களுக்கு முன்னால் வந்து நின்றாள். "நான் கேட்டது வெறிநோய்க்குத் தடுப்பூசி சார்!"

"மனுவுல நாய்க்கு ஊசின்னுதான இருக்கு? ஆபீஸ்ல இந்த ஊசிதான் குடுத்தாக."

அவர் மருந்தை ஏற்றுவதற்குள் எல்லாக் கயிறுகளையும் அறுத்துவிட்டாள். "ஓடுங்க! எங்கிட்டாச்சும் போய்த் தொலைங்க!" என்று கத்திக்கொண்டே கல்லை எடுத்து எறிந்தாள்.

நாய்கள் கொஞ்ச தூரம் ஓடின. பிறகு, வாலை ஆட்டிக்கொண்டு அவளிடமே திரும்பி வந்தன.