ஆவரம்பட்டியில் இரண்டாம் முறை

மைக்கின் உயரத்தை அவளே இறக்கிக்கொண்டாள்.

யாரும் உதவிக்கு வரவில்லை. வருவார்களா என்ன?

ஆறு வருஷம் கழித்து அதே ஊர். அதே காளி கோயில் பொட்டல். பங்குனி வெயில் சாய்கிற நாலு மணி. முளைப்பாரி கிளம்புவதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும்.

பெண்கள் பக்கத்தில் முதலில் பார்த்தது அவள் சேலையைத்தான். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. இரவல் என்றாள் ஒருத்தி. இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் போனஸில் எடுத்தது என்றாள் இன்னொருத்தி. ஆறு வருஷமாய்ப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவளுக்கு ஜரிகை கேட்கிறதாக்கும் என்றாள் மூன்றாமவள்.

மூன்றும் அவள் காதில் விழுந்தன. பாடுகிறவள் காது அல்லவா.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களை ஊர் விடாது.

அவள் கட்டுகிற பாட்டுகளில் ஓர் இடம் காலியாக இருக்கும். எந்த ஊர்த் திருவிழாவோ அந்த ஊர்ப் பெயரை அதில் வைத்துப் பாடுவாள். சீசனுக்கு இருபது ஊர், இருபது காளி, பாட்டு ஒன்றுதான். மேடையேறுகிற எல்லோரும் செய்வதுதான். ஒவ்வொரு ஊரும் தனக்கென்றே கட்டிய பாட்டு என்று நம்பிக் கைதட்டும்.

அந்த வருஷம் முந்தின நாள் சொக்கலாபுரத்தில் பாடியிருந்தாள். நாக்கு அங்கேயே தங்கிவிட்டது.

மறுநாள் ஆவரம்பட்டி மேடையில் நின்றுகொண்டு, கண்ணை மூடி, உருகி உருகிச் சொக்கலாபுரத்துக் காளியை அழைத்தாள்.

அதுவும் மூன்று முறை. பல்லவியாயிற்றே.

இரண்டு ஊருக்கும் கண்மாய் மடைக்காகப் பதினோரு வருஷ வழக்கு. வேறு எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள்.

நாற்காலிகள் பறந்தன. முதல் நாற்காலி கமிட்டித் தலைவர் குருவையா வீசியது; ஒலிபெருக்கிக் குழாயை நசுக்கியது. அவர் இன்றுவரை மறுக்கிறார். பார்த்தவர்கள் இருநூறு பேர்.

அதன்பிறகு எந்த ஊரும் அவளைக் கூப்பிடவில்லை.

இன்றைக்கும் ஆசைப்பட்டுக் கூப்பிடவில்லை. பேசி வைத்திருந்த பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. குருவையா காலையிலிருந்து எட்டுப் பேருக்குப் போன் போட்டார். பங்குனியில் எவள் சும்மா இருப்பாள்?

சும்மா இருந்தவள் இவள் ஒருத்திதான்.

இன்று பாட்டு பாதியில் நின்றால் அடுத்த பங்குனியும் லேபிளும் பசையும்தான். அதற்கடுத்த பங்குனியும். வயது நாற்பத்தாறு. மூன்றாம் முறை என்று ஒன்று கிடையாது.

மேடையேறும்போதே படியில் குருவையா குறுக்கே வந்து நின்றிருந்தார். மீசையைத் தடவியபடி மெல்லத்தான் சொன்னார்.

"இந்தா பாரு தாயி. ஒரே பாட்டு. ஊர்ப் பேரு மட்டும் உன் வாயில வரப்படாது."

அவள் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பதில் பிற்பாடு ஊருக்குள் இரண்டு கட்சி.

தவில்காரர் என்ன பாட்டு என்று கேட்டார். புதுசு என்றாள். அவர் முகம் சுண்டிவிட்டது. அவளுடைய அக்கா புருஷன்தான். இருந்தாலும் அன்றைக்குக் கிழிந்தது அவர் தவில்.

தொண்டையைச் செருமினாள்.

எடுத்தாள்.

*ஆவரம்பட்டி மேடையில*

வாயில் வரக்கூடாதது முதல் சொல்லாகவே வந்துவிட்டது. ஆனால் சரியான ஊர். கூட்டம் போனால் போகிறது என்று விட்டது. குருவையாகூட வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

*நான் சொக்கலாபுரத்தப் பாடிப்புட்டேன்*

வெற்றிலை பாதி மடிப்பில் நின்றது.

*காளிக ரெண்டும் அக்கா தங்கச்சி – அவளுக*
*கண்டுக்கிடல, நீங்க கண்டுக்கிட்டீக*



பசை வாளிக்கு முன்னால் உட்கார்ந்து, வரி வரியாய்க் கட்டிய பாட்டு. பக்கத்தில் ஒட்டுகிறவள் சிரிக்காத வரியை அன்றைக்கே எடுத்தெறிந்தாள். இதில் காலி இடம் கிடையாது. வேறு எந்த ஊருக்கும் எடுத்துப்போக முடியாது. இங்கே பாட வேண்டும், இல்லையென்றால் பாடவே வேண்டாம்.

*சேரு அம்பது கண்டேனய்யா – அது*
*உக்காரன்னு நெனச்சேனய்யா*
*குறிபாத்து எறிஞ்சாரு குருவையா அண்ணாச்சி*
*கொழா ரேடியோ செத்துப்போச்சு*

குருவையா எழுந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டினார். மேடையைப் பார்த்து நடந்தார்.

தவில் நின்றது. அத்தான் தவிலை மடியோடு அணைத்துக்கொண்டார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கி அடக்கி, முடியாமல் வெடித்த சிரிப்பு. யாருடையது என்று குருவையா திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. முப்பது வருஷமாய் வீட்டில் கேட்கிற சிரிப்பு.

அவர் பாதி வழியில் நின்றார்.

மேடையில் அவள் படிக்கட்டுப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. உள்ளங்கையால் தொடையில் தாளம் தட்டினாள்.

குருவையா அண்ணாச்சி அடியைத் திரும்ப எடுத்தாள்.

இந்தத் தடவை மெதுவாக. கூடச் சேர்ந்து பாடத் தோதாக.